சிற்றம்பலம் சொல்லும் செய்தி

தமிழர் தம் கூத்தப்பெருமானை ஆடவைத்துக் கண்ட அரங்கிற்கு இட்ட பெயர் சிற்றம்பலம். தில்லைக் கோயிலில் பேரம்பலம் என்று பெயர் பெற்ற மன்றமும் உண்டு. ஆயினும், உலகியக்கமே ஒரு கூத்து எனக் கண்ட அவ்வுயர்ந்த எண்ணத்தைக் குடிவைத்த இடம் பேரம்பலம் அன்று, சிற்றம்பலமே. தேவாரம் ஓதுவோர் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வாயாரச் சொல்லும் சொல்லும் திருச்சிற்றம்பலம் என்பதே. சிறிய அரங்கு வறுமையின் அடையாளம் அன்று. இசைக்கும் கூத்திற்கும் இயல்பாக அமைந்த அளவே அதுதான் என்பதை அற்றைத் தமிழர் ஐயமற உணர்ந்திருந்தனர். பாடுவோன் முகமும் கேட்போன் முகமும் ஒன்றையொன்று காணும் தொலைவே இசையின் தொலைவு. இற்றைத் தமிழர் அவ்வளவை மறந்தனர். அதனை மறந்ததால் இழந்தவை எவை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும் கடமை, தமிழிசை வாழவேண்டும் என்று விழையும் ஒவ்வொருவர்க்கும் உண்டு.

அரங்கின் அளவு

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலரங்கு ஒன்று எவ்வாறு அமைய வேண்டும் என்பதைத் தச்சனுக்குச் சொல்வது போல் அளந்து சொல்கின்றது. பெருவிரல் 24 கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கின் அகலம் 7 கோல். நீளம் 8 கோல். நிலத்தினின்று உயரம் 1 கோல். அரங்கின் தளத்திற்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். புகவும் வெளியேறவும் வாயில்கள் இரண்டு. தூண்களின் நிழல் அரங்கினுள் விழாமல் புறத்தே போகும்படி விளக்குகளை நிறுத்துதல் வேண்டும். பெருவிரலின் அகலத்தை ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் கொள்ளின், அவ்வரங்கு 14 அடி அகலமும் 16 அடி நீளமும் உடையது. புகார் நகரத்தில், சோழ மன்னன் முன்னிலையில், 12 அகவை மாதவி ஏறி ஆடித் தலைக்கோல் பெற்ற அரங்கு இவ்வளவே! இன்றைய திருமணக்கூடங்களில் மணமக்கள் அமரும் மேடை அதனினும் பெரிது.

கடல்கடந்து வாணிகம் செய்து பொன்குவித்த புகார் நகரத்தார்க்குப் பெரியதோர் அரங்கு கட்டத் தெரியாமல் இல்லை. கட்டவேண்டா என்று விட்டனர். ஏனெனில், ஆடுவாளின் கண்ணசைவும் விரலசைவும் காண்போர்க்குத் தெளிவாகத் தெரிதல் வேண்டும். யாழோ மெல்லொலிக் கருவி. அதன் நரம்பொலியைக் கேட்க விழைவோன் யாழின் அருகே வந்தாக வேண்டும். யாழாசிரியனும் குழலோனும் தண்ணுமையோனும் இசையோனும் ஒருவர் ஒலியை ஒருவர் மீறாமல் இயைந்து இசைத்தல் வேண்டுமாயின், அவர்கள் கூப்பிடு தொலைவில் அன்று, மூச்சுத் தொலைவில் அமர்ந்திருத்தல் வேண்டும். ஆகவே, அரங்கின் அளவைத் தீர்மானித்தது அரசனின் செல்வம் அன்று, மாந்தனின் செவி.

செவிக்கு அருகே இசையை வைத்த தமிழர், நெஞ்சுக்கு அருகே இசைவாணரை வைத்தனர். பொருநராற்றுப்படை கூறும் கரிகாற் பெருவளத்தானின் அவை இதற்குச் சான்று. ஈரும் பேனும் குடியிருந்த கந்தலுடுத்து வந்த பொருநனை அவ்வேந்தன் தன் கண்ணில் படும் அண்மையில் இருத்தினான். கந்தலைக் களைந்து புத்தாடை உடுப்பித்தான். உண்ண உண்ண ஊட்டினான். விடைபெறும்போது, வெண்குதிரை நான்கு பூட்டிய தேரைத் தந்து, தன் காலால் 7 அடி அவன் பின்னே நடந்து சென்று வழியனுப்பினான். முடிவேந்தன் ஒருவன் இரவலனாய் வந்த இசைவாணன் பின்னே நடந்த அந்த 7 அடியே தமிழர் நாகரிகத்தின் உயர்ந்த அளவுகோல் என்க.

நினைவில் நிற்கும் இசை

பழம்பெருமை பேசி அமைதல் போதாது. இவ்வண்மை இசை மிக அண்மைக் காலம் வரை இத்தமிழ்நாட்டிலேயே உயிரோடு இருந்தது. அதனைக் கேட்ட செவிகள் இன்னும் சில உள.

குடந்தைப் பகுதியில் ஒரு சிற்றூர். அங்கே எண்பதைக் கடந்த உழவர் ஒருவர். ஏட்டுப்படிப்பு மிகுதியும் இல்லாதவர். ஆனால், தம் சிறு அகவையில் ஊர்க்கோயில் திருவிழாவில் கேட்ட நாயனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர் முகத்தில் அகவை தெரிவதில்லை. இறைத்திருமேனி புறப்படும்போது மல்லாரி. தேரடியில் ஒரு நிறுத்தம். தெற்கு வீதி கடந்து, மேலை வீதி கடந்து, வடக்கு வீதி மூலைக்கு வரும்போது நள்ளிரவாகிவிடும். அங்கேதான் நாயனக்காரர் ஒரு பண்ணை எடுத்துக்கொண்டு விரித்து விரித்து ஊதுவார். முன்னால் அமர்ந்திருந்தோர் நாற்பது ஐம்பது பேர். காந்த விளக்கின் வெளிச்சத்தில் அவ்வுழவர், அந்நாளில் சிறுவர், நாயனக்காரரின் காலடியில் குந்தியிருப்பார்.

அவர் நினைவில் நிற்பவை எவை? நாயனத்தின் வாயில் கொத்தாகத் தொங்கிய சீவாளிகள். ஊதுமுன் ஒன்றை எடுத்து வாயில் நனைத்து, ஒலித்துப் பார்த்து, நிறைவில்லையேல் வேறொன்றை மாட்டிக்கொண்ட பொறுமை. ஆச்சா மரத்தாலான அந்நீண்ட குழலின் துளைகள் மேல் விரல்கள் முழுதும் மூடியும் பாதி மூடியும் வழுக்கிச் சென்ற வகை. ஒத்து ஊதிய இளைஞனின் உப்பிய கன்னம். தவிற்காரரின் வலக்கை விரல்களில் மாட்டியிருந்த வெண்மையான கூடுகள். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு நீண்ட ஆளத்தி முடிந்து அடுத்தது தொடங்குமுன் நாயனக்காரர் மூச்சு வாங்கிய ஒலி. அந்தப் பண்ணின் பெயர் அவர்க்குத் தெரியாது. அந்த மூச்சொலி தெரியும். எத்துணைப் பெரிய மன்றத்தில் எத்துணை விலைகொடுத்து இருக்கை வாங்கினும் கிடைக்காத செல்வம் அது.

அவர் பிறிதொன்றும் சொல்வார். இரவு வழிபாடு முடிந்து, இறைவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும் வேளையில், கூட்டமெல்லாம் கலைந்து ஐந்தாறு பேர் மட்டுமே எஞ்சியிருப்பர். அப்போது ஓதுவார் தாழ்ந்த குரலில் ஒரு பதிகம் பாடுவார். கல்மண்டபத்தின் சுவர்கள் அக்குரலை வாங்கித் திருப்பித் தரும். அவ்வைந்தாறு பேரில் ஒருவராக நின்று கேட்டுக் கேட்டே அவ்வுழவர்க்குத் தேவாரப் பதிகங்கள் சில மனப்பாடமாயின. அவர்க்கு அவற்றைக் கற்பித்த ஆசிரியர் எவரும் இலர். காது கற்பித்தது, அருகே நின்றமையால் கற்பித்தது, பாட்டு அவர் தாய்மொழியில் இருந்தமையால் கற்பித்தது.

இம்மூன்றாவது கரணியத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மொழி புரியாத பாட்டை அருகிருந்து கேட்பினும் ஒலி மட்டுமே செவியில் விழும். மொழி புரிந்த பாட்டைத் தொலைவிருந்து கேட்பினும் சொல் மட்டுமே நெஞ்சில் படும். அண்மையும் தாய்மொழியும் கூடிய இடத்திலேயே இசை, கேட்டவனின் சொந்த உடைமையாகின்றது.

ஏடு காக்காததைச் செவி காத்தது

திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தியைத் தமிழர் பலரும் அறிவர். இராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தேடிச்சென்றபோது, தேவார ஏடுகள் தில்லையிலேயே ஓர் அறைக்குள் செல்லரித்துக் கிடந்தன. எஞ்சிய ஏடுகளை எடுத்துத் தொகுத்தனர். சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. ஏட்டில் எழுதிய எழுத்து, பாடும் முறையைத் தன்னுள் வைத்திருக்கவில்லை. பிறகு பண்ணடைவு செய்து தந்தவர் யார்? திருவெருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண். ஞானசம்பந்தரோடு ஊர் ஊராய்ச் சென்று யாழிசைத்த பாணரின் வழித்தோன்றல்கள், தலைமுறை தலைமுறையாய் அருகிருந்து கேட்டுக் காத்த பண்ணே தேவாரத்திற்கு மீண்டும் உயிராயிற்று. புராணம் என்று இதனை ஒதுக்குவோரும் இதனுள் உள்ள உண்மையை ஒதுக்க முடியாது. ஏடு சொல்லைக் காக்கும்; பண்ணைக் காப்பது அருகிருந்து கேட்ட செவியே.

இராசராசனும் இதனை உணர்ந்தே செயற்பட்டான். தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டி மத்தளமும் முழக்க இருவரையும் அமர்த்தி, நாள்தோறும் அவர்களுக்குரிய நெல்லையும் வரையறுத்துக் கல்லில் வெட்டினான். அவன் ஏட்டைப் படியெடுத்துப் பூட்டி வைத்ததோடு நின்றானில்லை. பாடும் வாய்களுக்குச் சோறிட்டான். அவ்வாய்கள் பாடியவற்றைக் கேட்ட செவிகளே அடுத்த தலைமுறையின் வாய்களாயின. இன்றைய கோயில்களில், நட்டபாடையும் கௌசிகமும் மேகராகக் குறிஞ்சியும் பழம்பஞ்சுரமும் காந்தார பஞ்சமமும் ஒலிக்கக் கேட்கின்றோமெனில் அவ்வாய்களும் செவிகளும் அறுபடாமல் தொடர்ந்தமையே கரணியம்.

தொலைவு வந்த வழி

இத்தகைய இசை தமிழரை விட்டு எவ்வாறு தொலைவாயிற்று?

முதலாவது, மொழியால் தொலைவாயிற்று. தஞ்சையை நாயக்கரும் பின்னர் மராட்டியரும் ஆண்ட காலத்தில் அரசவை இசை வேற்றுமொழியைப் பற்றிக்கொண்டது. பண்ணென்னும் உடல் தமிழருடையதாகவே இருக்க, மேலே போர்த்த ஆடை மட்டும் பிறமொழியாயிற்று. சீர்காழி முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழில் பாடிய பாட்டுகள் இசைமேடைகளில் ஓரத்திற்குத் தள்ளப்பட்டன. தியாகராயர் தெலுங்கில் பாடியது குற்றம் அன்று. தெலுங்கு அவர் தாய்மொழி. தம் நெஞ்சின் உணர்வைத் தம் தாய்மொழியில் பாடினார். அவரைப் போற்றுவோர் அவரிடமிருந்து கற்க வேண்டியது அதுவே. அவர் வழியில் நிற்பதெனில், தமிழர் தமிழில் பாடுதலன்றோ முறை?

அம்முறையைக் கேட்டோர்க்கு நேர்ந்தது என்ன? 1946-ஆம் ஆண்டு திருவையாற்றுத் தியாகராயர் விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடினார் என்பதற்காக, அம்மேடை தீட்டுப்பட்டுவிட்டது என்று பேசப்பட்டது. பாடியவர் யார்? ஓதுவார் மரபில் வந்தவர். 1942-இல் வெளிவந்த திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்துப் பாடியவர். பின்னர்ப் பாவேந்தர் பாரதிதாசனின் யாழ்ப்பாடலுக்கு மெட்டமைத்து அதனை வீடுதோறும் ஒலிக்கச் செய்தவர். சோழநாட்டின் நடுவே, காவிரிக் கரையில், தமிழன் தமிழில் பாடினால் தீட்டு எனின், அதனினும் பெரிய தொலைவு வேறு எது?

அத்தொலைவைக் குறைக்கப் பாடுபட்ட பெரியோர் பலர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தம் பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகள் கூட்டினார். 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நாட்டினார். அரசர் அண்ணாமலையார் 1941-இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூட்ட, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், மறைந்துபோன யாழின் அமைப்பை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து, 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூலை அரங்கேற்றினார்; அடுத்த திங்களே மறைந்தார். இவர்தம் உழைப்பால் தமிழ்ப்பாட்டிற்கு மேடை கிடைத்தது. மறுப்பதற்கில்லை.

இரண்டாவது, இசைவாணரை இழிவுசெய்ததால் இசை தொலைவாயிற்று. நாயனமும் தவிலும் முழக்குவோர் மேலாடை அணியாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்றல் வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. தன்மான இயக்கத்தின் தொடக்கக் காலத்தில் செட்டிநாட்டுத் திருமண ஊர்வலம் ஒன்றில், மதுரைச் சிவக்கொழுந்து என்னும் நாயனக் கலைஞர் தோளில் கிடந்த துண்டை எடுக்கச் சொல்லிச் சிலர் அதட்ட, எடுக்காமல் ஊதுமாறு பட்டுக்கோட்டை அழகிரி குரல் கொடுத்த செய்தி இயக்க வரலாற்றில் புகழ்பெற்றது. திருவாவடுதுறை இராசரத்தினனார் (1898 – 1956) மேடை போட்டால்தான் ஊதுவேன் என்று அமர்ந்து, பாடுவோர்க்கு இணையான இருக்கையை நாயனத்திற்குப் பெற்றுத் தந்தார். கரிகாலன் 7 அடி நடந்து வழியனுப்பிய மரபில், ஒரு முழத் துண்டுக்குப் போராட வேண்டியிருந்தது! இவ்விழிவைக் கண்டு வளர்ந்த இசைவாணர் மக்களுள் பலர் குழலைக் கீழே வைத்துவிட்டு வேறு தொழிலுக்குப் போனதில் வியப்பென்ன?

மூன்றாவது, பொறியால் தொலைவாயிற்று. ஒலிபெருக்கி வந்தது, இசைத்தட்டு வந்தது, ஒலிநாடா வந்தது, இன்று கைப்பேசியில் உலகத்து இசையெல்லாம் அடங்கிவிட்டது. கோயில்களில் மின்னாற்றலால் தானே முழங்கும் முரசும் தானே அடிக்கும் மணியும் வந்துவிட்டன. விசையைத் தட்டினால் முழங்குகின்றது, நிறுத்தினால் நிற்கின்றது. அதற்கு ஊதியம் வேண்டா, ஊரில் வீடு வேண்டா, மழலை வேண்டா, மாணவன் வேண்டா. அப்பொறி முழங்கும் கோயிலில் தவில் கற்கப்போகும் சிறுவன் யார்?

சிறிய அரங்கு, மூடிய அரங்கு அன்று

இங்கே ஒரு தடை எழுதல் இயல்பு. சிற்றரங்கின் பெருமை பேசுவோர், அதனுள் யார் யார் நுழைய முடிந்தது என்பதையும் பேச வேண்டாமா? வேண்டும். கட்டாயம் வேண்டும்.

மேலே சொன்ன உழவரே அதனையும் சொல்வார். அவர்க்கு ஓர் இளமைத் தோழர், ஒடுக்கப்பட்ட குடியினர். இவர் நாயனக்காரரின் காலடியில் அமர்ந்து கேட்ட அதே இரவுகளில், அவர் தேர்வீதிக்குள் வர இயலாமல் ஊர்ப்புறத்து வாய்க்கால் கரையில் நின்று கேட்டார். இவர்க்குக் கிடைத்த மூச்சொலி அவர்க்குக் கிடைக்கவில்லை. மதுரைக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939-ஆம் ஆண்டில்தான். 1947-இல் சட்டம் வந்தபின்னும் ஊர்கள் உடனே மாறிவிடவில்லை. செல்வர் வீட்டுக் கூடங்களிலும் அக்கிரகாரத்துத் திண்ணைகளிலும் நிகழ்ந்த இசை, பெரும்பான்மைத் தமிழர்க்குச் சுவருக்கு அப்பால் ஒலித்த இசையே. அச்சுவரைத் தாண்டித் தமிழிசையை முதன்முதலாக எல்லார்க்கும் கொண்டுவந்தவை நாடகக் கொட்டகையும் திரைப்படமும் ஒலிபெருக்கியும்தாம். அந்த நன்றியை மறத்தல் ஆகாது. பொறியைப் பழிப்பது இக்கருத்தின் நோக்கம் அன்று.

ஆயின், இதனால் பெறப்படும் முடிவு யாது? வாயிலை அடைத்தவன் செய்த குற்றத்திற்கு அரங்கைப் பழித்தல் முறையாகாது. அடைத்த வாயிலைத் திறப்பதே முறை. வாய்க்கால் கரையில் நின்றவர்க்கு ஒலிபெருக்கி கிடைத்தது நன்று. அவர் பெயரனுக்கு நாயனக்காரரின் காலடியில் இடம் கிடைப்பதே முழுமையான விடுதலை.

இப்போராட்டம் பழங்கதையும் அன்று. அரங்குகளுள் தலையாய அந்தத் தில்லைச் சிற்றம்பலத்திலேயே அது நடந்தது. சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாடியே தீர்வதென உறுதிபூண்ட ஆறுமுகசாமி என்னும் முதிய சிவனடியார், ஆண்டுக்கணக்கில் தடுக்கப்பட்டார். 2008-ஆம் ஆண்டு பிப்பிரவரி 29-ஆம் நாள் தமிழக அரசு ஆணை பிறப்பித்தபின், மார்ச்சு 2-ஆம் நாள், தீட்சிதர்களின் எதிர்ப்புக்கிடையே, காவலர் துணையோடு அவர் அம்மேடையில் நின்று பாடினார். எந்தக் கோயிலின் பெயரைச் சொல்லித் தேவாரம் தொடங்குகின்றதோ, அந்தக் கோயிலின் மேடையில் தேவாரம் பாடக் காவலர் துணை வேண்டியிருந்தது. அம்முதியவர் கேட்டது பெரிய மன்றம் அன்று, பொன்னாடை அன்று, ஒலிபெருக்கியும் அன்று. தம் மொழியைத் தம் இறைவனுக்கு அருகே நின்று பாடும் அந்தச் சில அடி அண்மையையே கேட்டார். சிற்றரங்கின் உரிமை எத்துணைப் பெரிய உரிமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பிறிதொரு வாயிலும் திறந்திருக்கின்றது. 2021-ஆம் ஆண்டில், சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக அமர்த்தப்பட்டார். தேவாரத்திற்குப் பண்ணடைவு தந்தவர் ஒரு பெண் என்று ஓயாமல் சொல்லிய தமிழ்ச் சமயம், அப்பெண்ணின் வழித்தோன்றலுக்கு இடம்தர இத்துணை நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது. காலங்கடந்து வந்தாலும் நல்லதை நல்லதென வரவேற்க வேண்டும்.

குற்றம் பிறரிடத்து மட்டும் இல்லை

தமிழிசையைக் கெடுத்தோர் யார் என்று கேட்டால் பட்டியல் சொல்லத் தமிழ்ப்பற்றாளர்க்கு நன்கு தெரியும். பார்ப்பனர், வடவர், வேற்றரசர், வேற்றுமொழி என்று அடுக்கிக்கொண்டே போவர். அப்பட்டியல் பொய்யன்று. எனினும், தமிழ்ப்பற்றாளரின் வீடும் மேடையும் எவ்வாறுள்ளன என்பதையும் ஒருகால் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்மாநாடு கூடுகின்றது. பந்தல் ஆயிரக்கணக்கானோர் அமரும் பந்தல். காலை முதல் ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு. பேச்சாளர் பதினைவர். அவர்களுள் இருவர் தமிழிசையின் தொன்மை பற்றி முழங்குவர். ஆனால், ஓர் ஓதுவாரையோ, ஒரு நாயனக் குழுவினரையோ, ஒரு பறையிசைக் கலைஞரையோ அழைத்து அமரவைத்து ஒரு மணிநேரம் செவிகொடுத்துக் கேட்கும் வழக்கம் எத்தனை மாநாடுகளில் உண்டு? அழைப்பினும், தலைவர் வரும்வரை கூட்டத்தை அமர்த்திவைப்பதற்கே அவர்கள் பயன்படுவர். தலைவர் வந்ததும், பாட்டின் நடுவிலேயே நிறுத்தச் சொல்லிச் சீட்டுப் போகும்! துண்டை இடுப்பில் கட்டச் சொன்ன இழிவுக்கும் இதற்கும் வேற்றுமை எவ்வளவு?

திருமணங்களையும் காண்க. அழைப்பிதழ் தூய தமிழில் இருக்கும், மணமுறை தமிழ்முறையாக இருக்கும், திருக்குறள் ஓதப்படும். வாயிலில் மட்டும் கேரளத்துச் செண்டைமேளம் அதிரும். செண்டையின்மேல் பகையில்லை, அது மலையாளியின் நற்கலை. ஆனால், பத்துக் கல் தொலைவில் வேலையின்றி அமர்ந்திருக்கும் தவிற்காரரை விட்டுவிட்டு, மலைகடந்து ஒலி வாங்கிவரும் தமிழன், தமிழிசை அழிகின்றதே என்று எம்முகத்தோடு அழுவான்? நரசிங்கம்பேட்டை நாயனத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த குழலை ஊதும் வாய்க்கு வாழ்வு கிடைத்ததா என்பதே கேள்வி.

செய்யத்தக்கவை

அழுது பயனில்லை. செய்யத்தக்கவை உள, அவை பெரும்பொருள் வேண்டாதவை, அரசை எதிர்பாராதவை.

ஒவ்வோர் ஊரிலும் தமிழ்ப்பற்றாளர் நாற்பது பேர் இருப்பின் போதும். திங்கள்தோறும் ஒருநாள் மாலை, ஒருவர் வீட்டுக் கூடத்திலோ பள்ளி அறையிலோ அவர்கள் கூடுதல் வேண்டும். ஓதுவார், நாயனக்காரர், குழலிசைப்போர், கூத்துப்பாட்டுப் பாடுவோர், பறையிசைப்போர் என்று திங்களுக்கு ஒருவரை அழைத்தல் வேண்டும். ஒலிபெருக்கி வேண்டா. பொன்னாடையும் புகழுரையும் வேண்டா. பாடுவோர் நடுவே அமர, கேட்போர் சூழ அமர்தல் வேண்டும். முன்வரிசை குழந்தைகளுக்கே உரியது. பண்ணின் பெயரையும் பாட்டின் பொருளையும் பாடுவோரே இரண்டொரு சொற்களில் சொல்லுதல் வேண்டும். முடிவில், நாற்பது பேரும் தத்தம் கையால் இயன்றதைத் தந்து, தலைவாயில்வரை உடன்நடந்து வழியனுப்புதல் வேண்டும். கரிகாலன் நடந்தது 7 அடி. அதற்குக் குறையாமல் நடப்பின் சாலும்.

எந்தக் குடிப்பிறந்தவராயினும் அவ்வாயிலில் தடை இருத்தல் ஆகாது. வாய்க்கால் கரையில் நின்றவரின் பெயரன் முன்வரிசையில் அமராத அரங்கு, தமிழரங்கு ஆகாது. எத்துணைத் தூய தமிழில் பாடினும் ஆகாது.

இன்னொன்றும் உடனே செய்தல் வேண்டும். அருகிருந்து கேட்ட முதியோரைத் தேடிச்சென்று, அவர்கள் கேட்டவற்றைக் கேட்டு எழுதுதல் வேண்டும். எந்தத் திருவிழாவில் எந்த வீதியில் எந்தப் பண் ஊதப்பட்டது, எந்தப் பதிகம் எவ்வேளையில் பாடப்பட்டது, பாடியவர் குரல் எங்கே தாழ்ந்தது, எங்கே நின்றது என்பனவெல்லாம் அவர்கள் நெஞ்சிலே உள. அவை எந்த நூலகத்திலும் இல்லை. அவர்களுள் ஒருவர் மறையும்போது ஓர் ஏட்டுச்சுவடி எரிகின்றது. புகை மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குடந்தைப் பகுதியின் அவ்வுழவர் இன்றும் மாலையில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அந்தப் பதிகங்களைத் தாழ்ந்த குரலில் முணுமுணுப்பதுண்டு. அவர் பெயர்த்திக்குப் பத்து அகவை. பாட்டனின் அருகே அமர்ந்து, சொல் புரிந்தும் புரியாமலும் அவளும் உடன் முணுமுணுக்கின்றாள். அத்திண்ணையின் அகலம் மூன்று முழம். தமிழிசையின் சிற்றம்பலம் அங்கே இன்னும் இடியாமல் நிற்கின்றது. அத்தகைய திண்ணைகள் ஆயிரம் எழுக! அவற்றின் வாயில்கள் அனைவர்க்கும் திறந்திருக்க! பாடுவோன் மூச்சொலி கேட்கும் தொலைவில் தமிழர் மீண்டும் அமர்க!